பீரோவைத் திறந்தோம்



ஆண்டு மலரில் ஆசிரியர்கள் எழுதும் கட்டுரை பெரும்பாலும் மாணவியருக்குப் புத்தி சொல்வதாகவே அமையும். இவ்வாண்டு நாங்கள் புத்தி சொல்ல வரவில்லை. 6 சனிக்கிழமைகளில் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடத்தை உங்கள் முன் ஒப்புவிக்க வந்திருக்கிறோம். தவறு இருந்தால் மாணவியரே திருத்தலாம்.

எங்கள் ஆசிரியர் அறையின் மூலையில் ஒரு பச்சை நிற இரும்புப் பீரோ உண்டு. அதன் நடுத்தட்டில் ஆசிரியை சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக் ஒன்று, எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடிகள் இரண்டு, பிரெய்லி எழுதும் பலகையும் ஊசியும், படங்களைத் தொட்டால் பேசும் கைக்கணினி ஒன்று ஆகியவை இருந்தன. நல்ல மனம் படைத்தவர்கள் கொடுத்தவை. அவை வந்த அன்று சந்தனம் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் பீரோவில் வைத்துப் பூட்டினோம். விலை உயர்ந்த பொருள் கெட்டுப்போகக் கூடாதே என்ற அக்கறைதான் காரணம்! இரண்டு ஆண்டுகள் அவை கெடாமல் இருந்தன. ஒருவருக்கும் பயன்படாமலும் இருந்தன.

அந்தப் பீரோவைத் திறக்க வைத்தவர்கள் இரண்டு மாணவியர்.

இருவர் கேட்ட கேள்வி

முதலாமவள் 7ஆம் வகுப்பு மாணவி. இரண்டு காதுகளுக்கும் மிஷின் வைத்திருப்பவள். வகுப்பில் அதைக் கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் போட்டுவிடுவாள். “பொறுப்பில்லாத பெண்” என்று நாங்கள் கடிந்துகொண்டோம். அம்மாவை வரவழைத்தும் சொன்னோம். ஒருநாள் ஓர் ஆசிரியை, கடிந்துகொள்வதற்குப் பதிலாக, “ஏம்மா கழற்றுகிறாய்?” என்று கேட்டார்.

“மிஷின் போட்டா லாரிச் சத்தமும் ஃபேன் சத்தமும்தான் பெருசாக் கேக்குது டீச்சர். உங்க குரல் கேக்கல. நீங்க போர்டைப் பாத்துத்தான பேசுறீங்க?”

இரண்டு ஆண்டுகளாக எங்களில் ஒருவரும் கேட்காத கேள்விக்கு அவள் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

இரண்டாமவள் 8ஆம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். வகுப்பில் நடத்திய கதையைக் கேட்டால் ஒரு சம்பவம் விடாமல் சொல்வாள். அதே கதையைப் புத்தகத்தில் படிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். “கவனக் குறைவு” என்று அவளுடைய மதிப்பெண் அட்டையில் மூன்று முறை எழுதியிருக்கிறோம். மூன்றாவது அட்டையில் கையெழுத்துப் போட வந்த அம்மா, “எட்டோட நிறுத்திடலாம்னு இருக்கோம் சிஸ்டர். அதுக்குப் படிப்பு ஏறல” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றார். தலைமையாசிரியை சகோதரி அவரை உட்காரச் சொல்லி, “அவசரப்படாதீங்கம்மா. ஒரு வருஷம் எங்களுக்குக் கொடுங்க” என்று கேட்டுக்கொண்டார்.

அந்த ஓராண்டில் நாங்கள் செய்த முதல் வேலை, நாங்களே மாணவியரானதுதான்.

உதவிக் கருவி என்றால் என்ன?

உடலோ புலனோ மூளையோ ஒரு வேலையை வழக்கமான வழியில் செய்ய முடியாதபோது, வேறு வழியில் செய்ய உதவும் எந்தப் பொருளும் உதவிக் கருவியே. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது மிஷின், பிரெய்லிப் பலகை, எழுதியதைப் படித்துக் காட்டும் கணினி எல்லாம் இதில் அடங்கும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோரில் பலருடைய மூக்கின் மேலும் ஒன்று இருக்கிறது. மூக்குக் கண்ணாடிதான் அது!

கண்ணாடியின் கதை நமக்கு நல்ல பாடம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டில் அது தோன்றியது. முதலில் செய்தவர் அந்த நுட்பத்தை யாருக்கும் சொல்லவில்லையாம். பீசா நகரில் அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்ற தொமினிக்கன் சபைத் துறவி இருந்தார். கண்ணாடியைப் பார்த்தே செய்முறையைத் தெரிந்துகொண்டு, மலர்ந்த முகத்தோடு அவர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார் என்று அவருடைய மடத்தின் குறிப்பேடு கூறுகிறது. 1313இல் அவர் காலமானார். முதலில் செய்தவர் யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தவரின் பெயர் 700 ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. கருவி கிடைத்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பணியாளரும் வேண்டும் என்பதையும் அந்த அறிக்கை தனியே எடுத்துச் சொல்கிறது.

ஆசிரியர்கள் படிக்க மறுத்த எழுத்து

பிரெய்லி எழுத்தை நாம் எல்லோரும் அறிவோம். அது தன் சொந்தப் பள்ளியிலேயே பட்ட பாட்டைப் பலர் அறியமாட்டோம்.

லூயி பிரெய்ல் 1809இல் பிரான்சு நாட்டில் கூவ்ரே என்ற சிற்றூரில் பிறந்தார். 3 வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவியால் கண்ணில் காயம்பட்டு, பின்னர் இரு கண்களிலும் பார்வை இழந்தார். 10 வயதில் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அப்போது பார்வையுள்ளோரின் எழுத்தையே தாளில் மேடாக அச்சிட்டு விரலால் தடவிப் படிக்க வைத்தார்கள். படிப்பதற்கே நெடுநேரம் ஆகும், எழுதவோ இயலாது. இராணுவத்தில் இருந்த சார்லஸ் பார்பியே என்பவர் வகுத்திருந்த புள்ளி எழுத்தை எடுத்துச் சுருக்கி, 1824இல் தம் 15ஆம் வயதில் 6 புள்ளி முறையை பிரெய்ல் உருவாக்கினார். 6 புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். 1829இல் அது நூலாகவும் வந்தது.

பிள்ளைகள் அதை விரைவில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் 1840இல் பொறுப்பேற்ற புதிய தலைவர் துஃபோ அந்த எழுத்தைத் தடை செய்தார். பார்வையுள்ள ஆசிரியரின் கண்ணுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்பது அன்றைய எண்ணம். பிள்ளைகள் மறைவாக எழுதிப் படித்தார்கள். துணைத் தலைவர் ஜோசஃப் குவாதே என்பவர்தாம் பிள்ளைகளிடம் நடப்பதைக் கவனித்துத் தலைவரின் மனத்தை மாற்றினார். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில், சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை புள்ளியில் எழுதிய வரிகளை, எழுதும்போது அறையில் இல்லாத வேறொரு பிள்ளை வந்து விரலால் படித்துக் காட்டியது. அதன் பிறகும் அரசின் ஏற்பு கிடைக்க 1854 ஆயிற்று. பிரெய்ல் 1852இலேயே கண்மூடிவிட்டார்.

அந்தப் பள்ளியில் கருவி தயாராக இருந்தது. பிள்ளைகளும் தயாராக இருந்தார்கள். தயாராக இல்லாதவர்கள் பெரியவர்களே. இதைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் பச்சைப் பீரோ நினைவுக்கு வந்தது.

நம் நாட்டில், நம் ஊரில்

நம் நாட்டில் இந்தப் பணி புதியதன்று. 1880களில் பம்பாய் ஆயர் லியோ மியூரின் அவர்களின் முயற்சியால் காது கேளாதோர்க்குப் பள்ளி தோன்றியது. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டில் அதே ஊரில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதோர்க்குப் பள்ளி கண்டார். 1951இல் பாரதி பிரெய்லி என்ற பொது முறை ஏற்பட்டது. அதன்படி ‘க’ என்ற ஒலிக்குத் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் ஒரே புள்ளிகள்தாம்.

சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் அவர்கள் தொடங்கிய பள்ளி இன்று வித்யாசாகர் என்ற பெயரில் நடக்கிறது. மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் என்ற பொறியாளர் அந்தப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி, படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ என்ற கருவியைச் செய்தார். பிள்ளைகளின் கை எவ்வளவு அசையும், எதைச் சொல்ல அவர்கள் விரும்புகிறார்கள் என்பதைப் பள்ளியில் இருந்தவர்களே அவருக்குச் சொல்லித்தர முடிந்தது. படிப்பதில் தடுமாறும் பிள்ளைகளுக்காக மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் பல்வகைக் குறைபாடுள்ளோர்க்கென உள்ளது. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது.

இவையெல்லாம் எங்களிடமிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருந்தன. ஆனால் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளியிலிருந்து பார்க்கும்போது மைலாப்பூரும் கோட்டூர்புரமும் வேறு நாடு போலத் தோன்றும். ஆகவே பிள்ளையை அங்கே அனுப்புவதைவிட, அந்த அறிவை இங்கே கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். சிறப்புக் கல்வி பயின்ற ஆசிரியை ஒருவர் 6 சனிக்கிழமைகள் வந்து வகுப்பு எடுக்க இசைந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே: “டீச்சர்கள் மட்டும் வந்தால் போதாது. ஆபீஸ் கிளார்க், நூலகர், ஆயாம்மா, வாட்ச்மேன் தாத்தா எல்லோரும் உட்கார வேண்டும்.”

காது மிஷின் கற்றுத்தந்தது

முதல் சனிக்கிழமை எங்கள் காதுகளில் பஞ்சு வைக்கப்பட்டது. மின்விசிறிகளும் சாலைப் பக்கத்து ஜன்னல்களும் திறந்துவிடப்பட்டன. பயிற்சி ஆசிரியை எங்களுக்கு முதுகைக் காட்டியபடி 10 சொற்கள் சொன்னார். கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. 10க்கு 7 வாங்கியவர் ஒருவர். மற்றவர்கள் அதற்கும் கீழே. பிறகு அவர் முகத்தைத் திருப்பி, ஒலியில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். ‘பணம்’ என்று சிலர் எழுதினோம், ‘மணம்’ என்று சிலர் எழுதினோம். இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். உதட்டை மட்டும் நம்பிய பிள்ளை ஒவ்வொரு வரியிலும் எத்தனை ஊகம் செய்ய வேண்டும்!

அன்று நாங்கள் குறித்துக்கொண்டவை:

1. காது மிஷின் கேட்கும் திறனைத் திருப்பித் தருவதில்லை. ஒலியைப் பெருக்கித் தருகிறது. அருகிலுள்ள மின்விசிறியின் ஒலி தூரத்திலுள்ள ஆசிரியையின் குரலைவிட முதலில் போய்ச் சேரும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஆகவே அப்பிள்ளை முதல் வரிசையில், சாலைக்கு எதிர்ப்புறச் சுவரோரம் உட்கார வேண்டும்.

2. எழுதும்போது பேசக் கூடாது. பேசும்போது எழுதக் கூடாது. எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும்.

3. பீரோவில் கிடந்த அந்தச் சிறிய மைக், ஆசிரியையின் வாயருகே குரலைப் பிடித்து நேரே பிள்ளையின் காதுக்கு அனுப்புவது. லாரிச் சத்தத்துக்கு மருந்து இரண்டு ஆண்டுகளாக எங்கள் அறையிலேயே இருந்திருக்கிறது!

4. மிஷினின் பொத்தான் பேட்டரியில் வண்ணக் காகிதம் ஒட்டியிருக்கும். 675 எண்ணுக்கு நீலம், 13 எண்ணுக்கு ஆரஞ்சு. காகிதத்தை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும். பிறகு பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக உரித்து வைக்கக் கூடாது.

5. நம் ஊர்க் கடற்காற்றும் வியர்வையும் மிஷினுக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

நான்காவதையும் ஐந்தாவதையும் முதலில் மனப்பாடம் செய்தவர் எங்கள் ஆயாம்மா. இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பேட்டரிக் கணக்கு அவரிடமே இருக்கிறது. விளையாட்டு நேரத்தில் மிஷின் கீழே விழுந்தால் முதலில் ஓடுபவரும் அவர்தாம். எல்லோரும் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையின் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கியது.

எழுத்து ஓடும் பக்கம்

மூன்றாம் சனிக்கிழமை எங்களுக்கு ஒரு பக்கம் படிக்கக் கொடுத்தார்கள். அதில் ல, ள, ழ மூன்றும் இடம் மாறியிருந்தன. சில சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. சில சொற்கள் நடுவில் முறிந்திருந்தன. ஒரு நிமிடத்தில் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழாசிரியைக்கே குரல் நடுங்கியது. முடித்ததும் “கதை என்ன?” என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை! எழுத்தோடு போராடியவர்க்குப் பொருளைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

டிஸ்லெக்சியா என்பது சோம்பலோ மந்த புத்தியோ அன்று. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை சிலருடைய மூளையில் மெதுவாக நடக்கிறது. அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் மொழியில் 247 எழுத்துகள். ‘கெ’, ‘கே’ என்பவற்றில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் ஒரு துண்டு முன்னும் ஒரு துண்டு பின்னுமாக நிற்கிறது. நமக்குப் பழகிப்போன இது, தடுமாறும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதிய புதிர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. படிக்கத் தடுமாறும் பிள்ளையையெல்லாம் டிஸ்லெக்சியா என்று ஆசிரியரோ பெற்றோரோ முத்திரை குத்தக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பிறகு தகுந்தவர்களிடம் காட்ட வேண்டும். எங்கள் 8ஆம் வகுப்பு மாணவியை அவ்வாறே அழைத்துச் சென்று உறுதி செய்துகொண்டோம்.

அவளுக்கு நாங்கள் கொடுத்தது விலையுயர்ந்த கருவி அன்று. எழுத்தைப் படித்துக் காட்டும் வசதி சாதாரணக் கைப்பேசியிலேயே இருக்கிறது. நாம் பேசினால் தமிழில் எழுதும் வசதியும் இருக்கிறது. கணினியில் திரையைப் படித்துக் காட்டும் ‘என்.வி.டி.ஏ.’ என்ற மென்பொருளை, பார்வையற்றவரான ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார்.

ஆனால் முதல் நாளே இடறினோம். நாங்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த வரலாற்றுக் குறிப்பைக் கைப்பேசியில் போட்டோம். அது தமிழை விட்டுவிட்டு எம், கே, கே, எச் என்று உளறியது! காரணம் எளிது. நாங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தோம். அதில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. யூனிகோடு முறையில் அடித்தால்தான் இயந்திரம் தமிழைத் தமிழாகப் படிக்கும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டிருக்கிறது. நாங்கள்தாம் பழைய பழக்கத்தை விடாமல் இருந்தோம். கிளார்க் அம்மா இரண்டு மாதங்கள் உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் மாற்றி அடித்துக் கொடுத்தார். அந்த மாணவி கேட்டுப் படிக்கத் தொடங்கியது அவருடைய விரல்களால்தான்.

“இது ஏமாற்று வேலை ஆகாதா? பரீட்சையில் இது வராதே?” என்று எங்களில் சிலர் வாதாடினோம். பயிற்சி ஆசிரியை எங்கள் கணக்கு ஆசிரியையின் மூக்குக் கண்ணாடியைக் காட்டி, “இதைக் கழற்றிவிட்டுப் பாடம் நடத்துங்கள், அதுதான் நேர்மை” என்றார். வகுப்பே சிரித்தது. கணக்கு ஆசிரியையும் சிரித்தார். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. காதால் கேட்பது பொருளைப் பெறுவதற்கு. எழுத்துப் பயிற்சியைக் கைவிடுவதற்கு அன்று. ஆகவே நாள்தோறும் 20 நிமிடம், ஒலியும் எழுத்துமாக, மணலில் விரலால் எழுதியும் அட்டையில் தொட்டும் அவளுக்குத் தனிப் பயிற்சி நடக்கிறது.

பேசாத பிள்ளையிடம் பேசுவது

ஐந்தாம் சனிக்கிழமை நாங்கள் வாய் திறக்கக் கூடாது. 12 படங்கள் ஒட்டிய அட்டை மட்டும் கையில் உண்டு. “தலை வலிக்கிறது, ஆனால் வீட்டுக்குப் போக வேண்டாம்” என்பதை அதைக்கொண்டு சொல்ல வேண்டும். அட்டையில் சாப்பாடும் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தன. வலி இல்லை, ‘வேண்டாம்’ இல்லை. பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் செய்த அட்டை அது. பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை முதலில் வேண்டும் என்று அன்று கற்றோம்.

இன்னும் இரண்டு செய்திகள். பேசும் கருவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு “பேசு” என்றால் பேசாது. நாம் அதனோடு பேசும்போது நாமும் அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். தாய் பேசக் கேட்டுத்தானே குழந்தை பேசுகிறது! அடுத்து, கேள்வி கேட்டபின் மனத்துக்குள் 10 எண்ண வேண்டும். நாங்கள் 3 எண்ணுவதற்குள் நாங்களே பதிலைச் சொல்லிவிட்டோம். ஆசிரியர்க்கு மிகக் கடினமான பாடம் மௌனமே.

கருவி ஏன் கைவிடப்படுகிறது?

அமெரிக்காவில் 1993இல் வெளியான ஓர் ஆய்வு, உதவிக் கருவி பெற்ற 227 பெரியவர்களை விசாரித்தது. ஏறக்குறைய 29 விழுக்காட்டுக் கருவிகள் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன. அதற்கு அவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காததே. பென்சில் டப்பாவுக்குள் கிடந்த காது மிஷின் சொன்னதும் அதுதான்.

நம் கடற்கரைத் தகப்பன்மார்க்கு இது புதிய செய்தியாக இராது. படகுக்கு ஜி.பி.எஸ். வந்தபோது அதை வாங்கி மாட்டியதோடு வேலை முடியவில்லை. கூடப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்துக் கைப்பழக்கமான பிறகுதான் அது கரை சேர்த்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பெட்டிக்குள் இருக்கும் கருவியும் அப்படியே.

பெற்றோர் அறிய வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. அதில் 21 வகைக் குறைபாடுகள் ஏற்கப்பட்டுள்ளன. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு அரசுக்குச் சொல்லும் கடமைகளுள் இரண்டு இவை. சட்டம் வரையறுக்கும் அளவுக்குக் குறைபாடுள்ள மாணவர்க்கு 18 வயது வரை நூல்களும் தகுந்த உதவிக் கருவிகளும் இலவசமாகத் தர வேண்டும். பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கருவியையும் பயிற்சியையும் சட்டம் ஒரே பிரிவில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. கருவி வாங்க உதவும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில், தகுந்த மருத்துவச் சான்று இருந்தால் சொல்வதை எழுதுபவரின் உதவியும் கூடுதல் நேரமும் பெறலாம். தேர்வு நெருங்கும்போது ஓடினால் கிடைக்காது. முன்கூட்டியே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, “ஊர் என்ன சொல்லும்?” என்று பிள்ளையின் தடுமாற்றத்தை மறைக்க வேண்டாம். கல்யாணத்துக்குத் தடையாகும் என்று சான்றிதழ் வாங்காமல் இருக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். மறைத்த குறை மறைந்துவிடுவதில்லை. பிள்ளையின் படிப்புத்தான் மறைந்துபோகிறது.

இன்றைய நிலை

அற்புதம் ஏதும் நடந்துவிடவில்லை. பேசும் கைக்கணினியின் பேட்டரி இரண்டு ஆண்டு உறக்கத்தில் கெட்டுப்போயிருந்தது. மாற்ற இன்னும் ஆள் தேடுகிறோம். எங்களில் சிலர் இன்றும் பலகையைப் பார்த்துப் பேசிவிடுகிறோம். அப்போது 7ஆம் வகுப்பு மாணவி கையை உயர்த்துவாள். நாங்கள் திரும்பி நிற்போம். அப்படிக் கை உயர்த்துவது மரியாதைக் குறைவன்று என்று வகுப்பில் அறிவித்திருக்கிறோம். மிஷின் இப்போது காதில் இருக்கிறது. பென்சில் டப்பாவில் பென்சில் இருக்கிறது.

8ஆம் வகுப்பு மாணவி 9ஆம் வகுப்புக்கு வந்துவிட்டாள். எழுத்துப் பிழை இன்னும் உண்டு. முழுப் பக்கம் படிக்க இன்னும் நேரம் ஆகிறது. ஆனால் வரலாற்றுப் பாடத்தைக் காதால் கேட்டுவிட்டு வந்து, ஆசிரியை பதில் சொல்ல யோசிக்கும்படி ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய அம்மா இந்த முறை மதிப்பெண் அட்டையை வாங்க வந்தபோது வாசலில் நிற்கவில்லை. தாமாகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“கவனக் குறைவு” என்று மூன்று முறை எழுதினோம் அல்லவா? அது உண்மைதான். கவனக் குறைவு எங்களுடையது.

பச்சைப் பீரோ இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறது. நடுத்தட்டில் இப்போது சாக்பீஸ் பெட்டிகள் வைத்திருக்கிறோம். பூட்டுவதில்லை.

சிந்திக்கவும் செய்யவும்

மாணவியர்க்கு: உங்கள் வகுப்பில் படிக்கவோ கேட்கவோ பார்க்கவோ தடுமாறும் தோழி யார்? அவளுக்கு எது உதவும் என்று நீங்களாக ஊகிக்காமல் அவளையே கேட்டீர்களா?

பெற்றோர்க்கு: “படிப்பு ஏறல” என்று சொல்லும் முன், பிள்ளையின் கண்ணையும் காதையும் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

ஆசிரியர்களாகிய எங்களுக்கு: இன்று எத்தனை முறை பலகையைப் பார்த்துப் பேசினோம்?